உப்பில் இறுகும் சேறு, உப்பில் இளகும் சேறு

பழனி மலையின் கீழ்ச்சரிவில் ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்துவிட்டால் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் செம்பழுப்பாகிவிடும். மழை விட்டு, ஓடைகள் தெளிந்து, வெயில் ஏறிய பிறகும் அந்தக் கலங்கல் அவ்வளவு சுலபத்தில் போகாது. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் தேக்கம் என்பதால் அந்த நாட்களில் சுத்திகரிக்கும் இடத்தில் படிகாரம் கூடுதலாகச் செலவாகும். மண்ணோ தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். பிறகு ஏன் தானாக அடியில் போய்ப் படிவதில்லை?

பாதி விடை அளவில் இருக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல், அசையாத நீரில் விநாடிக்குச் சுமார் எட்டு மில்லிமீட்டர் இறங்கும். களிமண் துகள் அதைவிட நூறு மடங்கு சிறியது, அதாவது ஒரு மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். அளவு நூறில் ஒரு பங்கானால் இறங்கும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் ஏழு சென்டிமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தைக் கடக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் காற்று நீரைக் கலக்காமல் இருந்தால்.

மீதி விடை மின்னூட்டத்தில் இருக்கிறது. களிமண் என்பது சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய தகடுகள். படிகம் உருவாகும்போது சில இடங்களில் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியமும், அலுமினியத்துக்குப் பதிலாக மக்னீசியமும் உட்கார்ந்துவிடுகின்றன. அதனால் தகட்டின் முகத்தில் எதிர் மின்னூட்டம் நிலையாகத் தங்கிவிடுகிறது. எதிர் மின்னூட்டம் கொண்ட இரு துகள்கள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். சேர்ந்து பெரிதாக முடியாததால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அந்த ஏழு சென்டிமீட்டர் வேகத்திலேயே கிடந்து அலைகிறது.

இதை உடைக்க நம்மவர்களிடம் ஒரு பழைய வழி இருந்தது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து, அதில் கலங்கல் நீரை ஊற்றிவைப்பார்கள். கலித்தொகையிலேயே இந்த வழக்கத்துக்குச் சான்று உண்டு. கொட்டையிலிருந்து கரையும் நீளமான சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள் பல துகள்களை ஒரே நேரத்தில் பற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. படிகாரம் செய்வது வேறு மாதிரி. அதிலுள்ள அலுமினியம் துகளின் மின்னூட்டத்தை அடக்குகிறது. கூடவே தானும் ஒரு வழவழப்பான வீழ்படிவாகித் துகள்களை வாரிக்கொண்டு இறங்குகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு ஆத்தூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டும்.

ஆத்தூர் வழியாக வரும் குடகனாறு வடக்கே வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. அமராவதி திருமுக்கூடலூரில் காவிரியைத் தொடுகிறது. பிறகு மாயனூர்க் கதவணை, முக்கொம்பு, கல்லணை. இத்தனை தடுப்புகளிலும் படியாமல் தப்பிய ஆத்தூர்க் களித்துகள் ஒன்று கடல் முகத்துவாரத்தை எட்டுகிறது என்று கொள்வோம். ஆறு முழுக்கத் தனியாக அலைந்தது, உப்புநீர் பட்ட கொஞ்ச நேரத்திலேயே அக்கம்பக்கத்துத் துகள்களோடு ஒட்டித் திரளாகி இறங்கத் தொடங்கிவிடும். முகத்துவாரங்களில் முழங்கால் புதையும் சேறு சேர்வதற்கு ஆற்றின் வேகம் குறைவது ஒரு காரணம், உப்பு இன்னொரு காரணம்.

கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் குளோரைடு 19 கிராமுக்கு மேல், சோடியம் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். துகளின் எதிர் மின்னூட்டத்தைச் சுற்றி நேர் அயனிகள் கூடி அதை மறைக்கின்றன. அயனிகள் மிகக் குறைவாக உள்ள ஆற்றுநீரில் இந்தத் தள்ளுவிசை துகளின் மேற்பரப்பிலிருந்து சுமார் 10 நானோமீட்டர் தூரம்வரை எட்டும். கடல்நீரில் அது 0.4 நானோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறின் அகலமே கிட்டத்தட்ட 0.3 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், கடலில் தள்ளுவிசை இல்லை என்றே சொல்லிவிடலாம். அணுக்களுக்கிடையே எப்போதும் இருக்கும் வான்டெர் வால்ஸ் ஈர்ப்பு அப்போது மேலோங்கித் துகள்களை ஒட்டவைக்கிறது. இந்தப் போட்டியைக் கணக்காக எழுதியவர்கள் சோவியத்தில் டெர்யாகின், லாண்டாவ் (1941), நெதர்லாந்தில் வெர்வே, ஓவர்பீக் (1948). போர்க்காலத்தில் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமலே நடந்தது. நான்கு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இன்று டிஎல்விஓ கோட்பாடு என்கிறார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஷூல்ட்சேயும் ஹார்டியும், அயனியின் மின்னூட்டம் ஒன்றிலிருந்து இரண்டாக ஏறினால் அதன் திரட்டும் ஆற்றல் பல பத்து மடங்கு ஏறும் என்று கண்டுவிட்டார்கள். கடலில் மக்னீசியமும் கால்சியமும் அளவில் குறைவாக இருந்தாலும் அவற்றை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

துகள்கள் ஒட்டுவது வரை பள்ளிப் பாடத்திலேயே கொஞ்சம் வந்துவிடும். ஒட்டிய பிறகு சேறு எப்படி ஓடும் என்பதுதான் ருசியான பகுதி. நம் பாடநூல்கள் பாகுநிலை என்றதும் தேனையும் விளக்கெண்ணெயையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. தேன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாய்த்தால் ஓடும், மெதுவாகவாவது. சேறு அப்படியல்ல. குளத்தில் வெட்டிய ஈர வண்டலை டிப்பரில் குவித்தால் குவியலாகவே நிற்கும். மேடுபள்ளச் சாலையில் வண்டி குலுங்கினால் சரிந்து ஓடத் தொடங்கும். அதாவது, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தள்ளினால் அது திடப்பொருள். அந்த அளவைத் தாண்டினால் திரவம். அந்த எல்லைக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ஈல்டு ஸ்ட்ரெஸ். நாம் அசைவு வரம்பு என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட பொருட்களை முறையாக அளந்த அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்கம். பாய்மங்களின் இந்த நடத்தையைப் படிக்கும் துறைக்கு ரியாலஜி என்ற பெயரும் அவர் காலத்தில், 1920களில் நிலைத்தது.

உப்பு இங்கே என்ன செய்கிறது? வெறும் கடல்நீரை எடுத்து அளந்தால் நல்ல தண்ணீரைவிட அதன் பாகுநிலை பத்து சதவீதம்கூட அதிகமில்லை. அடர்த்தி இரண்டரை சதவீதம் கூடுதல். குழாயில் ஓட்டினால் யாரும் வேறுபாட்டைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே அளவு கயோலினைட் களியைக் கரைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் துகள்கள் விலகி நின்று வழுக்கி ஓடும். கடல்நீரில் அவை விளிம்பும் முகமுமாக ஒட்டிக்கொண்டு, நடுவில் தண்ணீரைச் சிறைவைத்து, கலம் முழுவதும் பரவிய ஒரு சட்டகத்தைக் கட்டிவிடும். சீட்டுக்கட்டு வீடு என்றுதான் கூழ்ம வேதியியலில் இந்த அமைப்புக்குப் பெயர். அந்த வீட்டை உடைக்கும் அளவுக்குத் தள்ளினால்தான் குழம்பு நகரும். திரவம் கிட்டத்தட்ட அதேதான். மாறியது துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள உறவு. கனிமக் குழம்பை ஓட்டுகிறவர்கள் கடல்நீரை “உப்புக் கலந்த தண்ணீர்” என்று மட்டும் நினைத்து வடிவமைத்தால் பம்பு திணறுவது இதனால்தான்.

இதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்றால், முதலில் சிலி நாட்டுச் செப்புச் சுரங்கக்காரர்கள். உலகத்திலேயே அதிகமாகச் செம்பு எடுக்கும் நாடு அது. சுரங்கங்களில் பல அட்டகாமா பாலைவனத்தில். கனிமத்தை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, நுரை மிதப்பு முறையில் செம்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு நிலத்தடி நீரை உறிஞ்சினால் மலைவாழ் மக்களின் ஊற்றுகள் வற்றும். ஆகவே கடல். எஸ்கோண்டிடா சுரங்கம் கடல்நீரைக் கடற்கரையிலேயே நன்னீராக்கி 3,200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது. சென்டினெலா என்று இப்போது அழைக்கப்படும் சுரங்கத்தில், எஸ்பெரான்சா என்ற பழைய பெயரில் அது தொடங்கிய நாளிலிருந்தே, கடல்நீரை உப்பு நீக்காமல் 145 கிலோமீட்டர் குழாய் வழியே 2,300 மீட்டர் உயரத்துக்கு அனுப்புகிறார்கள்.

கரண்டுக் கணக்கைப் போட்டால் அவர்கள் மனம் புரியும். ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க இன்றைய சவ்வு ஆலைகளில் மூன்று, நான்கு யூனிட் ஆகிறது. சென்னைக்குத் தண்ணீர் தர அமைத்த மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் இதே சவ்வு முறைதான். அதே ஆயிரம் லிட்டரை 2,300 மீட்டர் தூக்க, உராய்வையும் பம்பின் விரயத்தையும் சேர்க்காமலே ஆறு யூனிட்டுக்கு மேல் வேண்டும். தூக்குகிற செலவை ஒன்றும் செய்ய முடியாது. உப்பு நீக்கும் செலவையாவது மிச்சப்படுத்தலாமே என்பது யோசனை. மிச்சம் பிடித்தது எல்லாம் லாபமாகவில்லை.

செம்பு எடுத்தது போக மிஞ்சும் கழிவுச் சேறு திக்கனர் என்ற பிரமாண்டமான வட்டத் தொட்டிக்குப் போகும். அங்கே திடம் இறங்க, மேலே தெளியும் நீர் மறுபடி ஆலைக்கு. கடல்நீரில் களி தானாகவே திரள்வதால் படிவது வேகமாக நடக்கும் என்று மகிழ்ந்தால், படிந்தது உள்ளே தண்ணீரைச் சிறைபிடித்த தளர்வான சேறு, கெட்டியும் கூட. திரும்பக் கிடைக்க வேண்டிய நீர் சேற்றோடு போகும், அந்தச் சேற்றைத் தள்ள பம்புக்குக் கூடுதல் சக்தி வேண்டும். திரட்டுவதற்காகப் போடும் பாலிமரும் உப்பில் சங்கடப்படுகிறது. நல்ல தண்ணீரில் அதன் சங்கிலி தன் மின்னூட்டத்தால் விறைத்து நீண்டு பல துகள்களை எட்டிப் பிடிக்கும்; உப்புநீரில் சுருண்டுபோய்விடும். தேற்றாங்கொட்டை வேலை செய்யும் அதே உத்தி, உப்பில் கை குட்டையாகிவிடுகிறது.

பெரிய தலைவலி மக்னீசியம். செம்புக் கனிமத்தோடு வரும் இரும்புப் பைரைட் நுரையில் ஏறாமல் இருக்கச் சுண்ணாம்பு போட்டு பிஎச் அளவைப் பத்து, பதினொன்றுக்கு ஏற்றுவது வழக்கம். கடல்நீரில் பத்தை நெருங்கும்போதே மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியத் தொடங்கும். போட்ட சுண்ணாம்பையெல்லாம் அது தின்னும். செம்போடு கிடைக்கும் மாலிப்டினம் கனிமத்தின்மேல் படிந்து அதை நுரையில் ஒட்டவிடாமல் செய்யும். களித்துகள்களுக்கிடையே ஒட்டுப்பசையாகிக் கழிவுச் சேற்றின் அசைவு வரம்பையும் ஏற்றும். எனவே கடல்நீரில் ஓடும் ஆலைகள் சுண்ணாம்பைக் குறைத்து, கடலின் இயல்பான பிஎச் எட்டை ஒட்டியே வேலை பார்க்கப் பழகவேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் நீளமான குழம்புக் குழாய்கள் நன்னீரையே நம்பியவை. கர்நாடகத்தின் குதுரேமுக் இரும்புத்தாது 1980களிலிருந்து 67 கிலோமீட்டர் குழாயில் மலையிறங்கி மங்களூரு வந்தது. 2005 முடிவில் சுரங்கம் மூடப்பட்டது. சத்தீஸ்கர் பைலடிலா தாது 260 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து விசாகப்பட்டினம் வருகிறது. கடலோரமாக இருந்தும் உப்பைப் பற்றி அலட்டிக்கொள்ளாத கனிமம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு: மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்ததில் அதன் கதை தொடங்குகிறது. அந்த மணிகள் களியைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியவை. அந்த அளவில் எடைதான் எல்லாம். மேற்பரப்பு விசை ஒரு பொருட்டில்லை. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் எதில் போட்டாலும் மணல் மணலாகவே நடந்துகொள்ளும்.

இதுவரை படித்தவர் “சரி, உப்பு போட்டால் சேறு இறுகும்” என்று முடிவு கட்டியிருப்பார். பென்டோனைட் அந்த முடிவைக் கவிழ்த்துவிடும்.

மான்ட்மொரிலோனைட் என்ற களிவகைதான் பென்டோனைட்டில் பெரும்பங்கு. நம் கரிசல் மண்ணிலும் இந்தக் குடும்பம்தான்; மழையில் உப்பிக் கோடையில் ஆளை விழுங்குகிற மாதிரி வெடிப்பது அதனால். திண்டுக்கல் மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. செம்மண்ணில் பொதுவாக மேலோங்கும் கயோலினைட்டின் தகடுகளுக்கு இடையே நீர் நுழையாது. மான்ட்மொரிலோனைட்டின் அடுக்குகளுக்கு இடையே நுழையும். சோடியம் வகை பென்டோனைட் நல்ல தண்ணீரில் தன் பருமனைப் பல மடங்கு பெருக்கி, ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைத் தகடுகளாகப் பிரிந்துவிடும். கொஞ்சம் களியே வாளி நிறைய கொழகொழப்பைத் தரும். சென்னை மெட்ரோ நிலையங்களுக்குத் தரைக்கடியில் சுவர் இறக்கும்போது, தோண்டிய பள்ளம் இடிந்து விழாமல் கான்கிரீட் வரும்வரை தாங்கி நிற்பது இந்த பென்டோனைட் கரைசல்தான்.

அதையே கடல்நீரில் கரைத்தால் அடுக்குகள் திறப்பதில்லை. உப்பு அவற்றை ஒன்றோடொன்று அழுத்திக் கட்டிவைக்கிறது. கொழகொழப்பு வராது, தடித்த துகள்களாக அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கயோலினைட்டை இறுக்கிய அதே உப்பு இதை நீர்த்துப்போகச் செய்கிறது. கடலோரத்தில் தூண் குழி தோண்டுகிறவர்களுக்கு இது ஏட்டுப் பாடமில்லை. முதலில் நன்னீரில் ஊறவைத்து உப்பவிட்ட பிறகே கரைசலைக் குழியில் இறக்க வேண்டும். அல்லது உப்பில் கெடாத அட்டாபுல்கைட் போன்ற வேறு களிக்குப் போக வேண்டும். பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு லாரியில் நல்ல தண்ணீர் வாங்குகிறார்களே என்று பார்க்கிறவர் சிரிக்கலாம். வாங்காமல் விட்டால் குழி இடியும்.

உப்பைச் சேர்ப்பதைப் பேசினோம். எடுத்துவிட்டால்? நார்வேயில் அதை இயற்கையே செய்து காட்டியிருக்கிறது. பனியுகம் முடிந்த காலத்தில் கடலடியில் படிந்த களி, பனிச்சுமை நீங்கியதும் நிலம் மெல்ல உயர்ந்ததால் கரையாகிவிட்டது. உப்புநீரில் கட்டப்பட்ட அதே சீட்டுக்கட்டு வீடு, அப்படியே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழையும் ஊற்றும் அதிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டே வந்தன. வீடு நிற்கிறது, அதை ஒட்டவைத்தது போய்விட்டது. தொடாதவரை தரை, தொட்டால் திரவம். 1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸா என்ற ஊரில் ஒரு விவசாயி தன் பண்ணைக் கட்டடத்தை நீட்டிக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார். அந்தச் சிறு பாரத்தில் தொடங்கிய சரிவு 33 ஹெக்டேர் நிலத்தை வீடுகளோடு ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போனது. நின்ற தரை ஆறாக ஓடுவதை ஊர்க்காரர்கள் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட களியை உறுதியாக்க அங்கே கையாளும் வழிகளில் ஒன்று, துளை போட்டுப் பொட்டாசியம் குளோரைடு உப்பை மறுபடி உள்ளே செலுத்துவது.

திண்டுக்கல்லில் மண் அப்படிச் சரியாது. ஆனால் உப்பு வந்து போகும் கதை இங்கேயும் உண்டு. இங்குள்ள தோல் ஆலைகளுக்கு வரும் தோல் அழுகாமல் இருக்கக் கறியுப்பைத் தடவி அனுப்புவார்கள். பதனிடும் இடத்தில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய உப்பு கழிவுநீரோடு வெளியே போய்ப் பல ஆண்டுகள் நிலத்திலும் கிணறுகளிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர்கொண்டிருந்த இந்த மாவட்டத்தையும் சேர்த்தே ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளைப் பற்றியது. சாதாரணச் சுத்திகரிப்பு கழிவின் நாற்றத்தையும் குரோமியத்தையும் குறைக்கும். கரைந்த உப்பை எடுக்காது. அதற்குச் சவ்வு வேண்டும்.

இப்படிச் சேரும் உப்பு நிறைந்திருக்கும்வரை வயல் பார்வைக்கு மோசமில்லை. வெள்ளை பூத்திருக்கும், பயிர் வாடும், ஆனாலும் மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் இறங்கும். களித்துகள்களை உப்பு திரட்டி வைத்திருக்கிறதே. இது உவர். மழை வந்து உப்பைக் கழுவிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். கரைந்த உப்பு கழுவிப் போகும். களியின் முகத்தில் ஒட்டிய சோடியம் போகாது. ஒற்றை மின்னூட்டம் கொண்ட சோடியம், தண்ணீரை அணைத்துக்கொண்டு தளர்வாக நிற்பதால் தகடுகளைக் கட்டிவைக்கும் வலு அதற்கு இல்லை. துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகளில் புகுந்து அடைத்துவிடும். நனைந்தால் கூழ், காய்ந்தால் கல். இது களர். ரிஸ்ஸாவில் நடந்ததன் வேதியியல் இதுவேதான், சரிவு மட்டும் இல்லை.

ஜிப்சம் இங்கே எதற்கு என்பது இப்போது விளங்கும். அது தரும் கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தகடுகளைப் பிடித்துத் திரட்டும். வேளாண்துறை சொல்லும் முறையில் வரிசைதான் முக்கியம். மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டுக் கலக்கிய பிறகே நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும்; பிறகு தக்கைப்பூண்டு மடக்கி உழுது, திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல். அவசரப்பட்டு முதலில் நல்ல தண்ணீரை விட்டுக் கழுவினால், மண்ணைக் கொஞ்சமாவது திரட்டி வைத்திருந்த உப்பும் போய், துளைகள் அடைபட்டு, அதன்பின் போடும் ஜிப்சம் இறங்கவே வழியிருக்காது. வரிசை சரியாக இருந்தாலும் வடிந்து வரும் சோடியத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வேண்டும். இல்லாவிட்டால் அது பள்ளத்திலிருக்கும் பக்கத்து வயலுக்குத்தான் போகும்.